அமாஸ்யாவுக்கு இரண்டு நாள் பயணம்: எப்படித் திட்டமிடுவது?

(நமது குடியிருப்பின் மூத்தோர் மன்ற மாதாந்திரக் கூட்டத்தில் பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)

கடைசி வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்காவிட்டால் கையை உயர்த்துங்கள். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் கத்திய தொண்டை, மைக் இல்லாமலேயே பேசிவிடுவேன்.

துருக்கி என்றதும் உங்களில் பாதிப் பேர் இஸ்தான்புல்லையும், பலூன் பறக்கும் கப்படோக்கியாவையும் நினைத்திருப்பீர்கள். அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் பேசப்போவது அமாஸ்யா என்ற ஊரைப் பற்றி. வடக்குத் துருக்கியில், கருங்கடலிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஆற்றின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் சின்ன ஊர். ஆற்றின் பெயர் யெஷில் இர்மாக். 'பச்சை ஆறு' என்று அர்த்தம். இஸ்தான்புல் வரை போகிறவர்கள் இன்னும் இரண்டு இரவு சேர்த்துக்கொண்டால் பார்த்துவிட்டு வரலாம். அந்த இரண்டு இரவை எப்படித் திட்டமிடுவது, நாங்கள் எங்கே தப்பு செய்தோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான் ஏன் அந்த ஊருக்குப் போனேன்? ஸ்ட்ராபோ. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தனக்குத் தெரிந்த உலகம் முழுவதையும் பதினேழு புத்தகங்களாக எழுதி வைத்த கிரேக்கப் புவியியலாளர். அவர் பிறந்த ஊர் அமாஸ்யா. அந்தப் புத்தகத்தில் தன் ஊரையும் வர்ணிக்கிறார். ஆழமான பள்ளத்தாக்கு, நடுவில் ஆறு, ஒரு பக்கம் செங்குத்தான பாறை, பாறையிலிருந்து இறங்கி வரும் கோட்டைச் சுவர், சுவருக்குள்ளே அரசர்களின் கல்லறைகள், ஆற்றின் மேல் இரண்டு பாலம். வகுப்பில் அவர் பெயரை ஒரு மதிப்பெண் கேள்வியாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் நின்ற இடத்தில் நானும் ஒருமுறை நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை.

போனது மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், என் அக்கா. அக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

முதல் தப்பு இங்கேயே ஆரம்பித்தது. ஒரு பயண முகவரிடம் போனோம். பத்து நாளில் ஏழு ஊர் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். அதில் அமாஸ்யா 'வழியில் மூன்று மணி நேரம்'. என் வீட்டுக்காரர் வரைபடத்தில் தூரத்தை அளந்து பார்த்தார். இஸ்தான்புல்லிலிருந்து சாலை வழியாக அமாஸ்யா 650 கிலோமீட்டருக்கு மேல். அங்காராவிலிருந்து போனாலும் 330 கிலோமீட்டர் அளவுக்கு வருகிறது. அந்தத் திட்டப்படி நாங்கள் துருக்கியைப் பார்த்திருக்க மாட்டோம், பஸ் ஜன்னலைப் பார்த்திருப்போம். வேண்டாம் என்று சொன்னதில் முன்பணத்தில் ஒரு பகுதி போய்விட்டது. போனது போகட்டும் என்று நாங்களே உட்கார்ந்து திட்டமிட்டோம். ஏழு ஊர் இரண்டு ஊராயிற்று.

முதலில் விசா. உங்கள் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசா இருந்தாலோ, அந்த நாடுகளில் குடியிருப்பு அனுமதி இருந்தாலோ, துருக்கி அரசின் இணையதளத்திலேயே மின்-விசா எடுத்துவிடலாம். நம் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு இது சுலபம். அப்படி எதுவும் இல்லாதவர்கள் விசா மையத்தில் காகிதங்களைக் கொடுத்து ஒட்டு விசா வாங்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். விசா கைக்கு வரும் முன் திருப்பித் தராத டிக்கெட்டை வாங்காதீர்கள். இன்னொன்று, மின்-விசா என்று தேடினால் அரசு தளம் மாதிரியே தோன்றும் வேறு தளங்களும் வரும். கூடுதல் பணம் பிடுங்குவார்கள். முகவரியின் கடைசியில் துருக்கி அரசுக்குரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அமாஸ்யாவுக்குப் போக மூன்று வழி. இஸ்தான்புல்லிலிருந்து மெர்சிஃபோன் என்ற சின்ன விமான நிலையத்துக்கு விமானம் உண்டு. அங்கிருந்து அமாஸ்யா காரில் முக்கால் மணி, ஒரு மணி நேரம். ஆனால் எல்லா நேரத்துக்கும் விமானம் கிடையாது. இரண்டாவது, கருங்கடல் கரையிலுள்ள சாம்சுன் நகருக்குப் பறந்து அங்கிருந்து பஸ்ஸில் வருவது. மூன்றாவது அங்காராவிலிருந்து பஸ், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நாங்கள் போகும்போது விமானம், வரும்போது அங்காரா வழியாக பஸ்.

அந்த ஊர் நெடுந்தூர பஸ்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுத்தம். நேரத்துக்குக் கிளம்புகிறது. ஒரு பையன் வந்து டீ, கேக் கொடுக்கிறான், கையில் எலுமிச்சை வாசனைக் கொலோன் ஊற்றுகிறான். அறிமுகமில்லாத ஆணையும் பெண்ணையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வைக்க மாட்டார்கள். எனவே டிக்கெட் எடுக்கும்போதே யார் ஆண், யார் பெண், யார் சேர்ந்து வருகிறார்கள் என்று சரியாகச் சொல்ல வேண்டும். ஆனால் பெரும்பாலான பஸ்களில் கழிப்பறை கிடையாது. நடுவில் ஒரு நெடுஞ்சாலை உணவகத்தில் நிறுத்துவார்கள். சர்க்கரை உள்ளவர்கள், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். இதை மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் வயதில் திட்டமிடுவது என்றால் பாதி இதுதான்.

சரி, ஊருக்கு வருவோம்.

ஆற்றின் வடகரை ஒட்டி ஒரு பழைய சுவர். அந்தச் சுவரின் மேல் வரிசையாக வெள்ளைச் சுவரும் பழுப்பு மரச் சட்டமுமாக ஒட்டோமான் காலத்து வீடுகள். மாடிப் பகுதி ஆற்றுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். யாலிபொயு வீடுகள் என்கிறார்கள், கரையோர வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் முதுகுக்குப் பின்னால் ரயில் பாதை. அதற்குப் பின்னால் நேர் செங்குத்தாக ஹர்ஷெனா மலை. மலையின் வயிற்றில் பெரிய பெரிய வாசல்கள்போல் பொந்தியஸ் அரசர்களின் கல்லறைகள். மலை உச்சியில் கோட்டை. ஸ்ட்ராபோ எழுதியது அப்படியே இருக்கிறது, அவர் காலத்துக்குப் பிறகு வீடுகளும் ரயிலும் மட்டும் சேர்ந்திருக்கின்றன.

தென்கரையில்தான் ஊர். கடைத்தெரு, மசூதிகள், அருங்காட்சியகம் எல்லாம் ஆற்றை ஒட்டிய சாலையில் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில். சமதளம். இடையிடையே பாலங்கள். இதைப் புரிந்துகொண்டால் போதும், வரைபடம் தேவையில்லை. வடகரை ஏற்றம், தென்கரை சமதளம். இந்த ஒரு வரியைத்தான் நாங்கள் போவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். எழுதவில்லை.

அந்தக் கரையோர வீடுகளில் பல இப்போது தங்கும் விடுதிகள். 'ஆற்றைப் பார்த்த அறை' என்று படத்தில் பார்த்ததும் நான் மயங்கிவிட்டேன். இரண்டாம் மாடியில் பதிவு செய்தேன். போய் இறங்கினால் லிஃப்ட் கிடையாது. நூற்றைம்பது வருஷப் பழைய வீட்டு அமைப்பில் லிஃப்ட் எங்கே வரும்? குறுகலான மரப்படி, ஏணி மாதிரி. அக்கா படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் ஏறினாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன எனக்கு அவள் எப்படி ஏறினாள் என்று தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது தப்பு, நாள். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஞாயிறு மாலை. மறுநாள் திங்கள். துருக்கியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. எங்களுக்கு இருந்த ஒரே முழு நாளில் அருங்காட்சியகம் மூடியிருந்தது. செவ்வாய் காலை பஸ் ஏறும் முன் ஓட்டமாக ஓடிப் பார்த்தோம். நீங்கள் வாரத்தின் நடுவில் போங்கள்.

திங்கள் காலை கல்லறைகளுக்குக் கிளம்பினோம். ரயில் பாதையைத் தாண்டி, டிக்கெட் வாங்கி, படிக்கட்டு. கல் படிகள், ஒரே அளவாக இருக்காது. சில இடத்தில் கால் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மலை தெற்குப் பார்த்தது என்பதால் வெயில் ஏற ஏறப் பாறை சுடும். கோடையில் போனால் காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். அக்காவிடம் 'வருகிறாயா?' என்று கேட்டேன். 'வராமல் பின்னே?' என்றாள்.

மேலே போனபோது எனக்கு மூச்சு நின்றது. சும்மா சொல்லவில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட மித்ரிதாத்தஸ் வம்சத்து அரசர்கள் பாறையைக் குடைந்து கல்லறை செய்திருக்கிறார்கள். குடைந்து என்றால் வெறும் குகை இல்லை. பெரிய கல்லறைகளில் சுற்றிலும் பின்னாலும் பாறையை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் ஒரு கல் வீட்டைத் தனியாக நிற்க வைத்திருக்கிறார்கள். பின்பக்கச் சந்தில் மனிதர் நடந்து போகலாம். உள்ளே ஒன்றும் இல்லை, காலி. எல்லாம் எப்போதோ போய்விட்டது. அந்தச் சந்திலிருந்து வெளியே வந்தால் கீழே முழு ஊரும் தெரிகிறது. ஆறு, பாலம், ஓட்டுக் கூரைகள், எதிர் மலை. நான் ஸ்ட்ராபோவை நினைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றிருப்பேன்.

திரும்பிப் பார்த்தால் அக்கா இல்லை.

பாதி வழியில் ஒரு படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஏறி வந்துவிட்டாள், இறங்க முடியவில்லை. வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. நின்றால் நடுங்குகிறது. என் வீட்டுக்காரர் ஒரு கை, நான் ஒரு கை. குறுகலான படியில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் இறங்க முடியாது. கடைசியில் அவள் உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து இறங்கினாள். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு துருக்கியக் குடும்பத்துப் பெண், தலைக்குட்டை கட்டியவர், எங்கள் மொழி ஒரு வார்த்தை தெரியாது, தன் பையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு அக்காவுக்கு முன்னால் ஒரு படி கீழே நின்று, பின்பக்கமாக நடந்தபடி, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கடைசிப் படி வரை வந்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கீழே வந்ததும் அக்காவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, தான் பார்க்க வந்த கல்லறைகளைப் பார்க்கத் திரும்பவும் முதலிலிருந்து ஏறிப் போனார்.

அன்று மத்தியானம் எங்களுக்குள் சண்டை. 'முழங்கால் இப்படி என்று முன்பே சொல்லியிருக்கலாமே' என்றேன். அக்கா சொன்னாள்: 'நீ கேட்டிருக்கலாமே. ஆறு மாதமாகத் திட்டம் போட்டாய். எந்த வருஷம் எந்த ராஜா என்று எல்லாம் படித்தாய். என்னால் எத்தனை படி ஏற முடியும் என்று ஒரு நாள் கேட்டாயா? சொன்னால் நீ பயணத்தையே விட்டுவிடுவாய் என்றுதான் நான் சொல்லவில்லை.'

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

மருந்துக்கடைக்கு அங்கே 'எஜ்ஸானே' என்று பெயர். எல்லா ஊரிலும் இரவில் முறை வைத்து ஒரு கடை திறந்திருக்கும். எந்தக் கடை என்று மற்றக் கடைகளின் கதவில் ஒட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு 112 எண். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ஒரு களிம்பும் முழங்கால் பட்டையும் போதுமாக இருந்தது. விடுதிக்காரர் விஷயம் கேட்டதும் தரைத்தள அறையைக் கொடுத்தார். ஆறு தெரியாத அறை. கதவைத் திறந்தால் நேரே முற்றம், அதில் ஒரு மர நாற்காலி. அக்காவுக்கு அந்த அறைதான் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு திட்டத்தைக் கிழித்துப் போட்டோம். மீதி நாளை அக்காவின் முழங்காலை வைத்து அமைத்தோம். வேடிக்கை என்னவென்றால் அந்த ஊரின் மிக நல்ல விஷயங்கள் எல்லாம் சமதளத்தில்தான் இருக்கின்றன.

சாயங்காலம் மெதுவாகத் தென்கரைக்குப் போனோம். இரண்டாம் பயசித் மசூதி, 1486இல் முடிந்தது. ஆற்றை ஒட்டிய தோட்டம், வயதான பெரிய மரங்கள், பெஞ்சுகள். பயசித் சுல்தானாவதற்கு முன் இளவரசராக இந்த ஊரை ஆண்டவர். ஒட்டோமான் வம்சத்தில் இளவரசர்களை ஆட்சி பழக வெளியூர்களுக்கு அனுப்புவார்கள், அவற்றில் அமாஸ்யா முக்கியமானது. அவர் மகன் முதலாம் செலிம் பிறந்ததும் இங்கேதான். ஆற்றோரத்தில் இளவரசர்களின் சிலைகள் வைத்திருக்கிறார்கள்.

அவர்களில் முஸ்தஃபாவின் கதையை அக்காவுக்குச் சொன்னேன். சுலைமானின் உயிரோடிருந்த மகன்களில் மூத்தவர். மக்களுக்கும் படைவீரர்களுக்கும் பிடித்தவர். இங்கே ஆளுநராக இருந்தார். 1553இல் அப்பா கூப்பிட்டனுப்பினார். போனார். அப்பாவின் கூடாரத்துக்குள்ளேயே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். மகன் தன் இடத்துக்கு வந்துவிடுவான் என்ற பயம். அடுத்த ஆண்டு குளிர்காலத்தை அதே சுலைமான் இதே அமாஸ்யாவில் கழித்தார். 1555 மே மாதம் பாரசீகத்தோடு சமாதான உடன்படிக்கை செய்துகொண்டதும் இங்கேதான். அக்கா கேட்டாள்: 'மகன் இருந்த ஊரிலே வந்து அந்த மனுஷன் எப்படித் தூங்கினான்?' வரலாற்றுப் புத்தகங்களில் நான் பார்க்காத கேள்வி.

பிமார்ஹானேயைத் தவறவிடாதீர்கள். 1308-09இல் கட்டிய மருத்துவமனை. மங்கோலிய வழி வந்த இல்கானிய ஆட்சிக் காலத்தது. முகப்பு வாசலின் கல் வேலைப்பாட்டுக்காகவே அரை மணி நேரம் நிற்கலாம். உள்ளே நடு முற்றம், இருபக்கமும் வளைவுகள். மனநோயாளிகளுக்கு இசையும் தண்ணீர்ச் சத்தமும் வைத்து வைத்தியம் பார்த்ததற்குப் பேர்போன இடம். 15ஆம் நூற்றாண்டில் சாபுன்ஜுஓலு ஷெரெஃபெத்தின் என்ற வைத்தியர் இங்கே வேலை பார்த்தார். 1465இல், ஏறத்தாழ எண்பது வயதில், அறுவை சிகிச்சை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எந்த நோய்க்கு எங்கே சூடு வைக்க வேண்டும், நோயாளியை எப்படிப் படுக்க வைக்க வேண்டும் என்று படம் வரைந்து காட்டியிருக்கிறார். அந்தப் படங்களில் பெண் வைத்தியர்களும் இருக்கிறார்கள். அறிஞர்கள் அரபியில் எழுதிய காலத்தில் இவர் துருக்கியில் எழுதினார், உள்ளூர் வைத்தியர்கள் படிக்க வேண்டும் என்று. இப்போது அந்தக் கட்டடம் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம். முழுவதும் தரைத்தளம். அக்கா ஒவ்வொரு கருவியையும் நின்று பார்த்தாள். மூட்டுவலிக்கு என்ன செய்தார் என்று தேடினாள் என்று நினைக்கிறேன்.

தொல்லியல் அருங்காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டு மம்மிகள் இருக்கின்றன. எகிப்து மம்மிகள்போல் துணி சுற்றியவை அல்ல, மனித முகம் தெரியும். குழந்தைகளும் உண்டு. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் நீங்கள் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மலை மேலிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் படி ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தென்கரைக் குன்றின் மேல் சகல்லர் என்ற இடம் இருக்கிறது. டாக்ஸி நேரே மேலே போகும். இருட்டும் நேரத்தில் போனோம். எதிரே கல்லறைகளுக்கு விளக்குப் போடுகிறார்கள், ஆற்றில் வீடுகளின் வெளிச்சம். டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். காலையில் நான் மூச்சுப் பிடித்து ஏறிப் பார்த்ததைவிட இது குறைந்த காட்சி இல்லை. அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் கோபம் போய்விட்டது என்று தெரிந்தது, என் டீக்கும் சேர்த்து அவளே சர்க்கரை போட்டாள்.

ஃபெர்ஹாத் கால்வாய் என்று ஒன்று ஊருக்கு வெளியே பாறையை வெட்டி அமைத்திருக்கிறார்கள். ஷிரீன் என்ற பெண்ணுக்காக ஃபெர்ஹாத் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்தான், அவள் இறந்துவிட்டாள் என்று யாரோ பொய் சொன்னதும் உயிரை விட்டான் என்பது கதை. கால்வாய் நிஜத்தில் அதைவிடப் பழையது, பண்டைய காலத்துக் குடிநீர் ஏற்பாடு. நேரம் இருந்தால் பாருங்கள். எங்களுக்கு இல்லை. கோட்டைக்கும் போகவில்லை. துருக்கி விடுதலைப் போரில் முஸ்தஃபா கெமால் 1919 ஜூன் 22 அன்று வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை இந்த ஊரிலிருந்துதான் வந்தது. ஜூன் நடுவில் அதன் நினைவாக விழா எடுக்கிறார்கள், அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். என்னைக் கேட்டால் ஏப்ரல், மே, அல்லது அக்டோபர். அக்டோபரில் 'மிஸ்கெத்' என்ற உள்ளூர் ஆப்பிள் வந்திருக்கும். சின்னது, ஒரு கன்னம் மட்டும் சிவப்பு. பையில் வைத்தால் பையெல்லாம் மணக்கும்.

இனி நீங்கள் கேட்கக் காத்திருக்கும் கேள்வி, சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் காலை உணவில் பிரச்சினையே இல்லை. 'கஹ்வால்தி' என்று பரப்பிவிடுவார்கள். பாலாடைக்கட்டி நாலைந்து வகை, ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன், பழப்பாகு, சுடச்சுட ரொட்டி, எவ்வளவு வேண்டுமானாலும் டீ. டீயில் பால் கிடையாது, கேட்காதீர்கள். வால்நட் வைத்துச் சுடும் 'அமாஸ்யா சொரெக்' பஸ்ஸுக்குக் கட்டிக்கொண்டு போக நல்லது. மத்தியானம்தான் ஜாக்கிரதை. பருப்பு சூப் பார்த்தால் சைவம், ஆனால் எலும்பு வேக வைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். 'எட் ஸுயு வார் மி?' என்று கேளுங்கள், இறைச்சித் தண்ணீர் இருக்கிறதா என்று அர்த்தம். 'எட் யெமியோரும்' என்றால் நான் இறைச்சி சாப்பிட மாட்டேன். இதைத் துருக்கி எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. என் உச்சரிப்பைக் கேட்டு ஒரு சமையற்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வெண்டைக்காய் அங்கே பெரிய விஷயம். சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பிஞ்சு. நூலில் கோத்து மாலை மாதிரி காய வைத்து விற்கிறார்கள். பெரும்பாலும் இறைச்சியோடு சமைப்பார்கள், கடையில் கேட்டுச் சாப்பிடுங்கள். அக்கா இரண்டு மாலை வாங்கினாள். எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் வேகவைக்க வேண்டும் என்று கடைக்கார அம்மா சைகையாலேயே சொல்லிக் கொடுத்தார். வந்து வத்தக்குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

செலவு எவ்வளவு என்று கேட்பீர்கள். லிராவில் நான் ஒரு தொகை சொன்னால் நீங்கள் போகும்போது அது பொய்யாகிவிடும், விலைவாசி அவ்வளவு வேகமாக மாறுகிறது. நுழைவுக் கட்டணமும் அப்படித்தான். கொஞ்சம் யூரோ வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள், மொத்தமாக மாற்றாதீர்கள்.

விடுதி பதிவு செய்யும்போது என்னைப்போல் படத்தைப் பார்த்து மயங்காமல் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மாடி? அறைக்குப் போக எத்தனை படி? படிக்குக் கைப்பிடி உண்டா? நாலாவதாக, குளியலறையில் வழுக்காத தரையா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் குடியிருப்பில் ஆறேழு பேர் வரும் அக்டோபரில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காவும் வருகிறாளாம். கல்லறைப் படி ஏறும் நேரத்தில் தான் மசூதித் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், யாராவது துணைக்கு இருந்தால் சரி என்கிறாள். அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு நாள் லிஃப்டில் போகாமல் உங்கள் பிளாக்கில் நாலாவது மாடி வரை படியில் ஏறுங்கள். மேலே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் படியிலேயே இறங்குங்கள். ஏறுவதை விட்டுவிடுங்கள், இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். எத்தனை மணிக்கு ஒரு தடவை கழிப்பறை வேண்டும், என்ன மாத்திரை, எதற்குப் பயம் என்பதையும் எழுதுங்கள். நான் யாருக்கும் காட்ட மாட்டேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலக அறையில் வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பேன்.